தார்ச்சாலையின் தையல்

பழைய துணி கிழியும்போது முதலில் எங்கே கிழிகிறது? நெய்த பரப்பின் நடுவிலன்று, பெரும்பாலும் தையலிலேதான். பரிசல் ஒழுகத் தொடங்குவதும், தகரக் குடம் கசியத் தொடங்குவதும், சுவர் வெடிக்கத் தொடங்குவதும் இரண்டு துண்டுகள் கூடும் இடத்தில்தான். பொருளின் வலிமையை அதன் பரப்பைப் பார்த்து மதிப்பிடுகிறோம். அதன் ஆயுளை நிர்ணயிப்பதோ அதன் மூட்டு. நாம் நாள்தோறும் நடந்து செல்லும் தார்ச்சாலைக்கும் இந்த உண்மை பொருந்தும். சாலைக்கும் தையல் உண்டு. அந்தத் தையலைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

இதற்கு எடுத்துக்காட்டாகத் திருவண்ணாமலையை எடுத்துக்கொள்வோம். சாலையின் தரம் என்பது எத்தனை மக்களின் காலடியைத் தொடுகிறது என்பதை இந்த ஊரைப் போலத் தெளிவாகக் காட்டும் ஊர் வேறு எளிதில் கிடைக்காது.

அண்ணாமலையைச் சுற்றி வரும் கிரிவலப் பாதையின் நீளம் சுமார் 14 கிலோமீட்டர். இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள் அந்த வழியில் அமைந்துள்ளன. மாதந்தோறும் பௌர்ணமி இரவில் இலட்சக்கணக்கான மக்கள் இந்தப் பாதையை வலம் வருகின்றனர். அவர்களுள் மிகப் பலர் காலணி அணிவதில்லை. வலத்தின் தென்பகுதி செங்கம் சாலை வழியே செல்கிறது. அது வழிபடுவோருக்கு மட்டும் உரிய பாதை அன்று. கிருஷ்ணகிரியிலிருந்து செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி வழியாகத் திண்டிவனம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையும் அதுவே. ஆதலால் பாரம் ஏற்றிய லாரியும் வெறுங்காலும் ஒரே தளத்தை மிதிக்கின்றன.

மற்றொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஆண்டின் மிகப் பெரிய கூட்டம் கூடுவது கார்த்திகைத் தீபத்தின்போது. கார்த்திகையோ வடகிழக்குப் பருவமழைக் காலம். 2024ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளில் ஃபெஞ்சல் புயல் கொணர்ந்த பெருமழையில் அண்ணாமலைச் சரிவில் மண் சரிந்து எழுவர் உயிரிழந்த துயரத்தை நாடு அறியும். அதே மாதம் 13ஆம் நாள் தீபத் திருவிழா நடைபெற்றது. மழை மிகும் காலமும் மக்கள் மிகும் காலமும் இங்கே ஒன்றாகவே வருகின்றன. எனவே இந்தச் சாலைகள் நீரைத் தாங்கும் சாலைகளாக இருக்க வேண்டியது இன்றியமையாததாகிறது.

இனி, தார்ச்சாலை என்பது யாது எனக் காண்போம். பேச்சுவழக்கில் நாம் 'தார்' என்று சொல்லுகிறோம். உண்மையில் தார் என்பது நிலக்கரியிலிருந்து கிடைப்பது. இக்காலச் சாலைகளில் இடப்படுவது கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அடியில் எஞ்சும் நிலக்கீல். பல அளவிலான கருங்கல் ஜல்லியையும் கல் தூளையும் சூடாக்கி, உருகிய நிலக்கீலுடன் கலவை ஆலையில் கலக்கின்றனர். நூறு பங்கு கலவையில் நிலக்கீல் சுமார் 5 பங்குதான். மற்றவை அனைத்தும் கல். அந்தச் சிறு பங்கே கற்களைக் கட்டி நிறுத்தும் பசை.

கலவை சாலைக்கு வந்து பரப்பப்படும்போது அதன் வெப்பம் 140 அல்லது 150 பாகை செல்சியஸ் அளவில் இருத்தல் வேண்டும். அது சுமார் 90 அல்லது 100 பாகைக்குக் குறையுமுன் ரோலர் உருண்டு திமிசு முடிந்துவிட வேண்டும். நான்கு செண்டிமீட்டர் தடிப்புள்ள தளமாயின், காற்று வீசும் வேளையில் இதற்குக் கால்மணி நேரத்திற்கு மேல் அதிக அவகாசம் கிடைப்பதில்லை. வெப்பம் தணிந்த பின் எத்தனை முறை ரோலர் ஓடினாலும் கற்கள் நெருங்கா. சில வேளை நொறுங்கவும் கூடும்.

நன்கு இறுகிய புதுத் தளத்திலும் நூற்றுக்கு 6 முதல் 8 பங்கு வரை காற்றிடைவெளி இருக்கும். அவை ஒன்றோடொன்று தொடர்பின்றித் தனித்தனியே இருப்பதால் நீர் உட்செல்வது அரிது. ஆனால் இடைவெளி 8 பங்கைத் தாண்டினால் நிலைமை விரைந்து மாறுகிறது. தனித்தனி அறைகள் வாசல் திறந்து வீதியாகிவிடுகின்றன. நீர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இறங்கிச் செல்கிறது. இந்தச் சிறு எண்ணிலேதான் சாலையின் ஆயுள் அடங்கியிருக்கிறது. இடைவெளி ஒரு பங்கு கூடினால் தளத்தின் ஆயுளில் பத்தில் ஒரு பங்கு குறையும் என்பது பொறியியலார் வழங்கும் தோராயக் கணக்கு.

இப்போது தையலுக்கு வருவோம். போக்குவரத்து மிக்க சாலையை முழுவதும் அடைத்து வைத்துப் பணி செய்தல் அரிது. ஆகவே ஒரு பாதியில் வண்டிகளை விட்டு, மறு பாதியில் தளம் இடுகின்றனர். அது முடிந்த பின், சில மணி நேரம் கழித்தோ சில நாள் கழித்தோ, அடுத்த பாதியை இடுகின்றனர். இரண்டு பாதிகளும் கூடும் கோடு சாலையின் நீளம் முழுவதும் ஓடுகிறது. இதுவே நீளவாட்டு மூட்டு. ஒரு நாள் பணி முடிந்து மறுநாள் பணி தொடங்கும் இடத்தில் குறுக்காக ஒரு மூட்டும் அமையும். இரண்டுள் நீளவாட்டு மூட்டே அதிகத் தொல்லை தருவது.

அது ஏன் பலவீனமாகிறது? இரண்டு காரணங்கள் உண்டு. முதற்காரணம் முதற்பாதியின் ஓரத்தைச் சார்ந்தது. ரோலர் அழுத்தும்போது தளத்தின் நடுவிலுள்ள கலவைக்கு இருபுறமும் கலவை தாங்கலாக நிற்கிறது, அது இறுகுகிறது. ஓரத்திலுள்ள கலவைக்கோ ஒரு புறம் தாங்கல் இல்லை. அது பக்கவாட்டில் சரிந்து விலகுகிறது. வீட்டில் நெற்குவியலை மேலிருந்து அழுத்திப் பாருங்கள். நடு அமுங்கும், ஓரம் சிதறும். அதுபோல ஓரத்தில் ஒரு சாண் அகலம் வரை தளம் நெகிழ்வாகவே நின்றுவிடுகிறது.

இரண்டாவது காரணம் வெப்பவேறுபாடு. ஆறிக் கெட்டிப்பட்ட ஓரத்தின் அருகே சூடான கலவை வந்து விழுகிறது. கல்லில் வார்த்த தோசை வெந்து ஆறிய பின், அதன் ஓரத்தை ஒட்டிப் புது மாவை ஊற்றிப் பாருங்கள். இரண்டும் அருகருகே இருக்கும், ஒன்றாகா. ஒரே வேளையில் ஊற்றிய மாவோ எல்லை தெரியாமல் கலந்துவிடும். ஆறிய ஓரம் புதுக் கலவையின் வெப்பத்தைத் தனக்குள் இழுத்துக்கொள்வதால், புதுக் கலவையும் அந்த இடத்தில் விரைந்து ஆறி, இறுக்கம் குறைந்து நிற்கிறது. இவ்வாறு பழைய பக்கமும் நெகிழ்வு, புதிய பக்கமும் நெகிழ்வு, நடுவே பற்றில்லாத ஒரு முகம் என மூன்று குறைகள் ஒரே கோட்டில் கூடுகின்றன.

அந்தக் கோட்டிற்கு மழைநீர் வந்து சேர்கிறது. சிலிகா மிகுந்த கருங்கல்லுக்கு ஓர் இயல்பு உண்டு: எண்ணெய்ப் பசையைவிட நீரையே அது விரும்பும். இடைவெளியில் தங்கிய நீர் மெல்ல மெல்லக் கல்லுக்கும் நிலக்கீலுக்கும் இடையே நுழைந்து பசையை உரிக்கிறது. மேலே சக்கரம் ஏறும்போது அந்த நீர் அழுந்தி, பிச்சாங்குழலிலிருந்து பாய்வதுபோலப் பாய்ந்து, கற்களை அசைக்கிறது. முதலில் மயிரிழைப் பிளவு. பின்னர் விரலிடும் பிளவு. பின்னர் ஓரத்துக் கற்கள் உதிர்கின்றன. நீர் மேலும் இறங்கி அடித்தளத்தை ஊறச் செய்தால், மேலே பள்ளம் விழுகிறது. நாம் பள்ளத்தைக் கண்டு 'லாரியின் பாரம்' என்கிறோம். பாரம் முடித்துவைத்த வேலையை நீர் அல்லவா தொடங்கிவைத்தது?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 14 கிலோமீட்டர் நீளச் சாலையில் நடுவே ஒரு மூட்டு, 3 மில்லிமீட்டர் அளவே பிளந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நடந்து போகிறவர் கண்ணில் அது ஒரு பென்சில் கோடு. ஆனால் 14,000 மீட்டரை 3 மில்லிமீட்டரால் பெருக்கினால் 42 சதுர மீட்டர் வருகிறது. ஒரு சிறிய வீட்டின் கூரையளவு பரப்பு வானத்தை நோக்கி வாய் திறந்து நிற்கிறது என்பது இதன் பொருள்.

உதிர்ந்த ஜல்லி வெறுங்காலில் குத்தும். நீளவாட்டுப் பிளவில் சைக்கிளின் சக்கரமும் மோட்டார் சைக்கிளின் சக்கரமும் சிக்கி வழுக்கும். இரவில், நெரிசலில், மழையில், முதியவர் ஒருவர் கால் இடறி விழுவதற்கு ஓர் அங்குலப் பள்ளம் போதும். ஆகவே தையல் என்பது பொறியியலாருக்கு மட்டும் உரிய நுட்பம் அன்று.

இதற்குப் பரிகாரம் யாது? முதற்பரிகாரம், தையலே இல்லாமற் செய்வது. சாலையின் முழு அகலத்தையும் ஒரே வேளையில் பரப்பலாம். அல்லது இரண்டு பேவர் எந்திரங்களைச் சற்று முன்பின்னாக ஓடச் செய்யலாம். முன்னது இட்ட ஓரம் ஆறுவதற்குள் பின்னது அதனோடு சேர்த்து இட்டுவிடும்; இரண்டையும் ஒன்றாக ரோலர் அழுத்தும். இதனைச் சூடான மூட்டு என்பர். நம் நாட்டுச் சாலைப்பணி விதிகளும் இயன்றவரை சூடான மூட்டையே விரும்புகின்றன. ஆனால் இதற்குச் சாலையை முழுதும் அடைக்க வேண்டும். ஆலையும் இடைவிடாது கலவை அனுப்ப வேண்டும். எல்லா இடத்திலும் அது கைகூடாது.

கைகூடாத இடத்தில் செய்ய வேண்டியவை ஐந்து. முதலாவது, நெகிழ்ந்த ஓரத்தை வெட்டி அகற்றுதல். தளம் இன்னும் முற்றக் கெட்டிப்படாத நிலையில், ரோலரில் பொருத்திய வட்டத் தகட்டால் ஓரத்தை 5 முதல் 15 செண்டிமீட்டர் வரை நேராக வெட்டிவிட்டால், இறுகிய செங்குத்து முகம் வெளிப்படும். வீண் என்று இதனைச் சொல்வோர் உண்டு. மூன்றரை மீட்டர் அகலத்தில் 10 செண்டிமீட்டர் என்பது நூற்றுக்கு 3 பங்குக்கும் குறைவு. வெட்டியெடுத்த கலவையையும் மறுபடி பயன்படுத்தலாம்.

இரண்டாவது, அந்த முகத்தைத் தூசியின்றித் துடைத்து, சூடான நிலக்கீலை முழுதும் பூசுதல். ஒட்ட வேண்டிய இரண்டு பலகைகளுக்கு இடையே தச்சர் வஜ்ஜிரம் தடவுவதற்கு ஒப்பானது இது. மூன்றாவது, புதுக் கலவையைப் போதிய உயரத்தில் இடுதல். பரப்பிய கலவை ரோலரின் கீழ் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தாழும். முடிவில் 4 செண்டிமீட்டர் வேண்டுமானால் முதலில் 5 செண்டிமீட்டர் இருத்தல் வேண்டும். மேலும் அது பழைய ஓரத்தின்மேல் இரண்டு மூன்று செண்டிமீட்டர் ஏறி நிற்க வேண்டும். இவ்விடத்தில் நிகழும் ஒரு தவறு மிகப் பொதுவானது. பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று, மேலேறிய கலவையைப் பலகையால் வாரிப் புதுத் தளத்தின்மேல் இறைத்துவிடுவர். மூட்டுக்கு வேண்டிய பொருள் மூட்டிலிருந்து போய்விடும். அழகு கெடாது; உறுதி கெடும்.

நான்காவது, ரோலர் ஓட்டும் முறை. ரோலர் சூடான பக்கத்தில் நின்று, ஆறிய பக்கத்தின்மேல் சுமார் 15 செண்டிமீட்டர் மட்டும் படியும்படி ஓடினால், அதன் பாரம் சூடான கலவையின்மேல் விழுந்து அதனை மூட்டுக்குள் நெருக்கும். ஆறிய பக்கத்தில் ஏறி ஓடினால் பாரத்தைக் கெட்டித் தளமே தாங்கிக்கொள்ளும்; அழுத்தம் வேண்டிய இடத்தில் விழாது; அந்தத் தாமதத்தில் கலவையும் ஆறிவிடும்.

ஐந்தாவது, மூட்டின்மேல் மூட்டு வாராமற் காத்தல். கீழ்த்தளத்தின் மூட்டுக்கு நேராக மேல்தளத்தின் மூட்டு அமையலாகாது. ஒரு சாண் அளவாவது விலகி இருத்தல் வேண்டும். சக்கரங்கள் ஓடும் தடத்திலும் அது விழலாகாது. இந்த விதியை எந்திர யுகம் கண்டுபிடித்தது என்று எண்ணாதீர்கள். அண்ணாமலையார் கோயிலின் மதிற்சுவரையோ நம் ஊர்ச் செங்கற்சுவரையோ பாருங்கள். ஒரு வரியின் சந்துக்கு நேர்மேலே அடுத்த வரியின் சந்து வாராதபடி கற்களை மாற்றி மாற்றி வைத்திருப்பார்கள். கொத்தனார் அறிந்த அதே இலக்கணம் சாலைக்கும் உரியது.

இவை வெறும் கருத்தல்ல; சோதித்துக் கண்ட உண்மைகள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஆபர்ன் நகரில் உள்ள தேசிய நிலக்கீல் தொழில்நுட்ப மையத்தில் பணியாற்றிய இந்தியப் பொறியியல் அறிஞர் பிரிதிவி சிங் காண்டலும் அவர்தம் துணைவரும் 1990களில் மிச்சிகன், விஸ்கான்சின், கொலராடோ, பென்சில்வேனியா ஆகிய மாநிலங்களில் பல வகை மூட்டுகளை உண்மையான சாலைகளிலேயே அமைத்து, ஆண்டுக்கணக்கில் கவனித்தனர். பென்சில்வேனியாவில் 1995இல் எட்டு முறைகளில் இட்ட மூட்டுகளை ஆறு ஆண்டு கழித்து ஆராய்ந்தபோது, ரப்பர் கலந்த பசையை முகத்தில் பூசிய மூட்டு முதலிடம் பெற்றது. ஓரத்தை வெட்டிச் செய்த மூட்டு அதனை அடுத்து நின்றது. மொத்தத்தில் அவர்கள் கண்ட முடிவு எளியது: எந்த மூட்டு நன்றாக இறுகியதோ அதுவே நெடுநாள் நின்றது.

நம் தமிழ்நாட்டிலும் சாலையின் நீர்ப்பகையை வெல்ல முயற்சிகள் நடந்துள்ளன. மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின்மேல் மெல்லிய படலமாகப் படியச் செய்து, அதன்பின் நிலக்கீல் கலக்கும் முறையைக் கண்டார். 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அந்தப் படலம் கல்லை நீரிலிருந்து காப்பதால் பசை உரிவது குறைகிறது. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. எவ்வளவு உயர்ந்த கலவையாயினும், மூட்டில் அது இறுகாவிட்டால் நீருக்கு வழி திறந்தே இருக்கும். பட்டுத் துணியாயினும் தையல் பழுதானால் உடை பழுதுதானே?

திருவண்ணாமலை போன்ற ஊருக்கு மேலும் ஒரு கருவி வேண்டும். அது நாட்காட்டி. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையே சுமார் 29½ நாட்கள் உள்ளன. ஒரு பாதியை இந்த மாதம் இட்டு, கூட்டம் வந்து போன பின் மறு பாதியை அடுத்த மாதம் இடுவதாயின், இடையே அந்தத் திறந்த ஓரத்தை ஆயிரமாயிரம் கால்களும் சக்கரங்களும் மிதித்து உடைத்துவிடும். தூசியும் அதில் அடையும். எனவே ஒரு பகுதியைத் தொடங்கினால் இரண்டு பாதிகளையும் அடுத்தடுத்து முடிக்கும் அளவுக்கே பகுதியைப் பிரித்துக்கொள்வது அறிவுடைமை. மாசி, பங்குனி மாதங்களின் வறண்ட நாட்கள் இதற்கு ஏற்றவை; சித்திரா பௌர்ணமியின் பெருங்கூட்டத்திற்கு முன் பணி முடிதல் நலம்.

அளவிடாத எதுவும் செம்மையுறுவதில்லை. சாலையின் இறுக்கத்தை அறியத் தளத்திலிருந்து உருளை வடிவத் துண்டு குடைந்தெடுத்துச் சோதிக்கின்றனர். அந்தத் துண்டைத் தளத்தின் நடுவிலிருந்து மட்டும் எடுத்தால் தையலின் குறை எவர்க்கும் தெரியாது. மூட்டிலிருந்தும் துண்டெடுத்துச் சோதித்து, நன்றாக இறுகியிருந்தால் கூடுதல் தொகையும், இல்லையேல் குறைந்த தொகையும் வழங்கும் முறை அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் உண்டு. ஒப்பந்தக்காரரின் கவனத்தை மூட்டின்பால் திருப்ப இதனினும் எளிய வழி இல்லை.

மாணவ நண்பர்களே, நீங்களும் இதனைச் சோதித்தறியலாம். கருவி எதுவும் வேண்டா. நல்ல மழை பெய்து வெயில் எழுந்த பின், சாலையோரத்தில் பத்திரமாக நின்று தளத்தைக் கவனியுங்கள். முழுத்தளமும் உலர்ந்து வெளுக்கும் வேளையில் நடுவே கறுத்த ஈரக்கோடு ஒன்று நீளமாகத் தங்கி நிற்குமாயின், அதுதான் நெகிழ்ந்த தையல். இடைவெளிகளில் புகுந்த நீர் மெல்ல மேலே கசிகிறது. பிளவு இன்னும் தோன்றியிராது. எனினும் நாளை எங்கே பிளக்கும் என்பதை அந்தக் கோடு இன்றே சொல்லிவிடுகிறது. அந்த நிலையிலேயே மேலே நிலக்கீல் பூசியும், பிளவு தோன்றியவுடன் ரப்பர் கலந்த பசையை ஊற்றி அடைத்தும் காத்தால் சிறு செலவோடு போகும். பள்ளமான பின் ஒட்டுப்போட்டால், ஒவ்வோர் ஒட்டைச் சுற்றிலும் புதிதாக நான்கு மூட்டுகள் பிறக்கின்றன.

அதனைக் கண்டால் நெடுஞ்சாலைத் துறையினருக்கோ உள்ளாட்சி அலுவலகத்திற்கோ இடத்தைக் குறித்து எழுதித் தெரிவியுங்கள். உங்களில் சிலர் நாளை பொறியியலாராகி, சாலையில் நின்று பணியை மேற்பார்வை செய்யக்கூடும். அப்போது தளத்தின் பளபளப்பைப் பார்த்து மகிழ்வதற்கு முன், இரண்டு பாதிகள் கூடும் அந்தக் கோட்டருகே குனிந்து பாருங்கள். ஓரத்தை வெட்டினரா, முகத்தில் பசை பூசினரா, கலவை ஆறுமுன் ரோலர் வந்ததா என்று கேளுங்கள். அந்தக் கால்மணி நேரக் கவனம், பல ஆண்டுகள் அந்த வழியே செல்லப்போகும் எண்ணற்ற மக்களின் பாதங்களுக்கு நீங்கள் செய்யும் தொண்டு.